கரடிச் சட்டைக்குக் குரல் கொடுத்த கதை

ஜூன் 3, 2025, செவ்வாய்

புது வேலை வந்திருக்கிறது. அமெரிக்கப் படம், ஒன்றரை மணி நேரம், தமிழில் டப்பிங் வசனம் எழுத வேண்டும். "சின்னப் படம் சார், ஒரு குரங்கு எல்லாரையும் அடிச்சுக் கொல்லும், அவ்வளவுதான்" என்றார் ஏஜென்சிக்காரர். லிங்கைத் திறந்து பார்த்தால் குரங்கு இல்லை, பிக்ஃபூட்: 'பெரிய பாதம்' என்று அர்த்தம், அமெரிக்கக் காடுகளில் மனுஷன் மாதிரி நடந்து திரிவதாகச் சொல்கிற சடைமிருகம். காட்டு வீட்டில் ஐந்து இளவட்டங்கள், ஒரு ஷெரிஃப், உடம்பெல்லாம் சடை ஒட்டிய ஓர் ஆள். முதுகில் ஜிப் தெரிகிற மாதிரி இருந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், நிழல்தான். ஒப்பந்தப்படி படத்தின் பெயரை இங்கே எழுதக்கூடாது. எழுதினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஜூன் 4, புதன்

நேற்று ராத்திரி முழுக்க 'பிக்ஃபூட்' என்கிற ஒரே சொல்லைத் தமிழாக்க மல்லுக்கட்டல். 'பெருங்காலன்' என்று போட்டு வீட்டில் படித்துக் காட்டினேன். "யாருக்கு, யானைக்கால் வியாதியா?" என்கிறாள் மனைவி. 'பனிமனிதன்' என்றால் கதை இமயமலைக்குப் போய்விடும். இந்தப் படத்தில் பொட்டுப் பனி கிடையாது. முனியும் காட்டேரியும் நம்மூர் ஆட்கள், அவர்கள் கணக்கு வேறு. 'பூதம்' கிட்டத்தட்ட உதட்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் குளோசப்பில் ஷெரிஃப் வாய் திறந்தபடி நிற்கிறார், நம் சொல்லோ 'ம்' என்று மூடிக்கொள்கிறது.

பிக்ஃபூட் என்ற பெயர் வந்த வழியைத் தேடிப் படித்தேன். 1958-ல் வடக்குக் கலிஃபோர்னியாவில் பிளஃப் கிரீக் பக்கம் காட்டுக்குள் ரோடு போட்டிருக்கிறார்கள். புல்டோசர் ஓட்டிய ஜெர்ரி குரூ காலையில் வேலைக்கு வந்தால், வண்டியைச் சுற்றிலும் 16 அங்குலக் காலடித் தடங்கள். பிளாஸ்டரில் அச்சு எடுத்துக்கொண்டு போய் 'ஹம்போல்ட் டைம்ஸ்' பத்திரிகையில் காட்டினார். பத்திரிகையில் வந்ததும் பிக்ஃபூட் என்ற பெயர் நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2002-ல் அந்த ரோடு காண்ட்ராக்டர் ரே வாலஸ் இறந்தபிறகு, அவர் குடும்பத்தார் மரத்தில் செதுக்கிய இரண்டு பாதங்களை எடுத்துக் காட்டி, எல்லாம் அவர் பண்ணிய குறும்பு என்றார்கள். நம்புகிறவர்கள் அதை ஏற்கவில்லை. அது வேறு கதை.

அதே பிளஃப் கிரீக்கில்தான் 1967 அக்டோபர் 20 அன்று ரோஜர் பேட்டர்சனும் பாப் கிம்லினும் அந்தப் பிரபலமான துண்டை 16 எம்.எம்.மில் எடுத்தார்கள். ஒரு நிமிடம்கூட முழுசாக வராது. மணல்மேட்டில் கைவீசி நடக்கிற உருவம், ஒரு தரம் நம் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதில் சத்தம் கிடையாது. காலும் நடையும் இப்படி இனாமாகக் கிடைத்தன. குரலை மட்டும் சினிமாக்காரன் தன் கைக்காசில் தேடவேண்டியிருந்தது.

ஜூன் 6, வெள்ளி

வேலைக்கு உதவும் என்று 'தி லெஜண்ட் ஆஃப் பாகி கிரீக்' பார்த்தேன், 1972-ல் வந்த பிக்ஃபூட் படம். வேலைக்கு உதவவில்லை, தூக்கம் போனதுதான் மிச்சம்.

எடுத்தவர் சார்லஸ் பி. பியர்ஸ். டெக்சர்கானா ஊரில் விளம்பரத் தொழில் செய்தவர். பக்கத்தில் ஆர்கன்சாவில் ஃபோக் என்கிற சின்ன ஊர். அங்கே 1971-ல் ஒரு வீட்டை ஏதோ ஒன்று தாக்கியதாகப் பேப்பரில் வந்ததும் இவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. லாரி தொழில் செய்த ஒருவரிடம் கடன் வாங்கி, சுமார் 1,60,000 டாலரில் படத்தை முடித்தார். வசூல் சுமார் 2 கோடி டாலர் என்கிறார்கள். பாட்டையும் அவரே பாடிவிட்டார்.

நடிகர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, ஊர்க்காரர்களையே நிறுத்திவிட்டார். அவர்கள் நடிக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கேமராவைப் பார்த்தும் பார்க்காமலும், "அன்னிக்கு நாய் குரைக்கல" என்கிற தொனியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஊரில் தாத்தா ஒருவர், நடுச்சாமம் வாய்க்காலில் மடை திருப்பப் போனபோது எதிரே நின்றதைப் பற்றிச் சொல்வார். குரல் ஏறாது, இறங்காது. நடுவில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பார். அந்தச் சுண்ணாம்பு இடைவெளியில்தான் எங்களுக்கு உதறும். பியர்ஸுக்கு அது கையில் கிடைத்திருக்கிறது. தெரிந்தே செய்தாரா, வேறு வழியில்லாமல் அமைந்ததா என்று எனக்குக் கவலையில்லை.

ஆரம்பத்தில் ஒரு சிறுவன் புல்வெளியில் ஓடி வருவான். காட்டுக்குள்ளிருந்து ஓர் ஊளை. அவ்வளவுதான், மிருகம் வராது. அந்தச் சிறுவனே வளர்ந்து பின்னணியில் கதை சொல்கிறான்; கடைசியில் திரும்பி வந்து, அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்டால் தேவலாம் என்று ஏங்குகிறான். படத்துக்கு அங்கே கொடுத்தது நம்மூர் 'யூ' மாதிரியான 'ஜி' சான்றிதழ். குழந்தை குட்டியோடு போய்ப் பார்த்திருக்கிறார்கள், பாவம்.

ஜூன் 8, ஞாயிறு

லீவு நாளில் நான்கு படம். மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள்.

'ஸ்னோபீஸ்ட்', 1977, டிவிக்காக எடுத்தது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்குத் திரைக்கதை எழுதிய ஜோசஃப் ஸ்டெஃபானோதான் இதையும் எழுதினார் என்றால் நம்பக் கஷ்டம். பனிச்சறுக்கு, பனிச்சறுக்கு, இன்னும் கொஞ்சம் பனிச்சறுக்கு.

'கிரியேச்சர் ஃப்ரம் பிளாக் லேக்', 1976. ராத்திரிக் காட்சிகளில் இருட்டு நன்றாக இருக்கிறதே என்று பெயர் பார்த்தேன்: டீன் கண்டி. இரண்டு வருஷம் கழித்து 'ஹாலோவீன்', அப்புறம் 'ஜுராசிக் பார்க்' என்று போனவர்.

'நைட் ஆஃப் தி டீமன்', 1980. பிரிட்டனில் 'வீடியோ நாஸ்டி' என்கிற கொடூர வீடியோப் படங்களின் பட்டியலில் போட்டுத் தடுத்தார்கள். ரத்தம்தான், பயம் இல்லை.

'பாகி கிரீக் 2', 1985. பியர்ஸ் தானே புரொஃபசராக நடிக்கிறார், மகன் பாதிப் படத்துக்குச் சட்டை இல்லாமல் அலைகிறான். மிருகத்தை வெளிச்சத்தில் நிறுத்தி நன்றாகக் காட்டுகிறார். காட்டிய உடனே போச்சு. பிற்பாடு கேலி செய்வதற்கென்றே இருந்த ஒரு டிவி நிகழ்ச்சிக்கு அந்தப் படம் தீனியானது. முதல் படம் எடுத்த அதே மனிதர்.

ஜூன் 9, திங்கள்

தலைவலி. படத்துக்கு வந்த மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ் டிராக்கில், அதாவது வசனம் நீக்கி இசையும் சத்தமும் மட்டும் வைத்த ஒலித்தடத்தில், ஐந்து இடத்தில் மிருகத்தின் குரலே இல்லை. ஆங்கில வசனத்தோடு சேர்த்தே மிக்ஸ் பண்ணியிருக்கிறார்கள் போல. வசனத்தை எடுத்தபோது உறுமலும் கூடவே போய்விட்டது. ஏஜென்சியில், "நம்ம ஆளுங்களை வெச்சே பண்ணிடுங்க" என்கிறார்கள். தனியாகக் காசு? பதில் இல்லை.

ஜூன் 11, புதன்

'வில்லோ கிரீக்', 2013. பாப்கேட் கோல்ட்வைட் என்கிற நகைச்சுவைக்காரர் எடுத்தது. பேட்டர்சன் எடுத்த இடத்தைப் பார்க்க ஒரு ஜோடி போகிறது. ராத்திரி கூடாரத்துக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது நிமிடத்துக்குப் பக்கம் ஒரே ஷாட். கேமரா அசையாது. வெளியே மரத்தில் தட்டும் சத்தம், தூரத்தில் ஒரு குரல், அப்புறம் துணிக்கு அந்தப் பக்கம் காலடி. நமக்குத் தெரிவது இரண்டு முகம் மட்டும். பின்னணி இசை கிடையாது. ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்தது என் தப்பு. பாதியில் எழுந்து பால்கனிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தேன். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி.

ஜூன் 13, வெள்ளி

ரெக்கார்டிங். மிருகத்துக்கு முதலில் வாட்டசாட்டமான ஒரு வில்லன் குரலை வரவழைத்திருந்தார்கள். தம் கட்டி உறுமினார். புலி வந்தது, சிங்கம் வந்தது, கடைசியில் தொண்டை கட்டிக்கொண்டது. "அண்ணே, சரக்கு லாரி கியர் மாத்துற மாதிரி இருக்குண்ணே" என்றான் இன்ஜினியர் தம்பி.

மூலையில் அக்கா உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாகக் கூட்டச் சத்தம், குழந்தை அழுகை, ஒப்பாரி எல்லாம் அவர்தான். "நான் ஒரு தரம் பாக்கட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து தண்ணி குடிக்கிற பித்தளைச் சொம்பை எடுத்தார். இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். வளையலைக் கழற்றி கர்ச்சீப்பில் முடிந்து வைத்தார். சொம்பின் வாயை மைக் பக்கம் சாய்த்து, அதற்குள் முகத்தைக் கவிழ்த்தார். மூச்சை வெளியே விடவில்லை, உள்ளே இழுத்தார். ஆரம்பத்தில் கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு கிறீச். அது மெல்ல உடைந்து, தொண்டைக்கும் பித்தளைக்கும் நடுவில் எங்கேயோ நின்று நடுங்கியது. பசுவா, மனுஷியா என்று சொல்ல முடியாத ஒன்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரும் 'ஓகே' சொல்லவில்லை. தம்பி மவுஸைப் பிடித்தபடியே இருந்தான்.

"என்ன, நல்லா இல்லியா?" என்றார் அக்கா.

சுருதியை ஐந்து செமிடோன் (அரைச்சுரம்) இறக்கிப் போட்டுப் பார்த்தோம். பிறகு இறக்காமலே வைத்துக்கொண்டோம். ஓர் இடத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன்: மிருகம் முழுசாக வெளிச்சத்துக்கு வருகிற ஷாட்டில் குரலே வேண்டாம், அதற்கு முந்தைய இருட்டு ஷாட்டில் போடுவோம் என்று. தம்பி சம்மதித்தான். அந்தச் சடைக்கார ஆள் வெளியே வரும்போது கொஞ்சம் பாவமாகத் தெரிகிறார், ஆனாலும் முன்பைவிடப் பரவாயில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஏஜென்சி திருத்தம் வந்தது. 'பூதம்' எல்லா இடத்திலும் 'பிக்ஃபூட்' ஆகிவிட்டது. ஷெரிஃப் உதடு பொருந்திவிடும், வாதாடவில்லை.

வவுச்சரும் வந்தது. ஷெரிஃபுக்கு 'மெயின்'. தொண்டை கட்டியவருக்கும் 'மெயின்'. அக்கா பெயருக்கு நேரே 'க்ரௌட்' என்று போட்டு, அதற்குரிய தொகை. மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வசனம் எதுவும் இல்லையே சார்" என்றார். வசனத் தாளில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது, எழுதியவன் நான். பேனாவை வாங்கி, ஐந்து இடத்திலும் 'ஊளை' என்று எழுதி, மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம்.

அக்கா பழைய வவுச்சரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். சொம்பைப் பையில் திணித்துக்கொண்டு, "பக்கத்து தியேட்டர்ல சீரியலுக்குக் குழந்தை அழணும், நேரமாச்சு" என்று கிளம்பிப் போனார்.