ஓநாய் என்னைப் பாத்துடுச்சுன்னா

நான் எடுத்த ஓநாய் போட்டோல நிறைய சுத்துனது எதுன்னா, ஒரு சாம்பல் ஓநாய் வாயைப் பொளந்துட்டு நிக்கும், அதுக்குக் கீழ ஒரு கறுப்பு ஓநாய் மல்லாந்து படுத்து காலைத் தூக்கிட்டு இருக்கும். "தலைவனின் தண்டனை"ன்னு கேப்ஷனும் நானேதான் வெச்சேன். ஒரு பத்திரிகை வாங்கிப் போட்டாங்க, ஆளாளுக்கு ஷேர் பண்ணாங்க, எனக்கும் கொஞ்ச நாள் கால் தரையில நிக்கல. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அந்த கேப்ஷன்ல இருக்குறதே ரெண்டு வார்த்தை, ரெண்டுமே தப்பு.

நான் அதிகமா வேலை பாத்தது அமெரிக்காவுல இருக்குற யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல, அதுலயும் லாமர் பள்ளத்தாக்கு. 1926ல அங்க கடைசி ஓநாய்களைக் கொன்னு தீத்துட்டாங்க, அப்புறம் 1995ல கனடாவுல இருந்து 14, மறு வருஷம் 17ன்னு கொண்டுவந்து விட்டாங்க, இப்போ பூங்காவுக்குள்ள சுமாரா நூறு இருக்கும். பூங்காவோட வடக்குப் பக்க ரோடு குளிர்காலத்துலயும் திறந்திருக்கும், அதனால ஓநாய் பாக்குறவங்க எல்லாம் விடியறதுக்கு முன்னாடியே அந்த ரோட்டுல ஸ்கோப்போட, அதாவது தூரத்தைப் பாக்குற தொலைநோக்கியோட நிப்பாங்க. ஓநாய்கிட்ட 100 கெஜத்துக்குள்ள, அதாவது 91 மீட்டருக்குள்ள போகக்கூடாதுங்கறது சட்டம். சட்டத்தை மீறலாம்னு நெனச்சாலும் முடியாது, முக்காவாசி நாள் அதுங்க ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி எதிர் சரிவுல புள்ளியாத்தான் தெரியும். 600 எம்எம் லென்ஸ்ல இன்னும் பெருசாக்கிக் காட்டுற கன்வெர்ட்டர் மாட்டினாலும் பெரிய புள்ளி, அவ்வளவுதான்.

அப்போ நாள் முழுக்க என்ன பண்ணுவீங்கன்னு கேப்பாங்க. வானத்தைப் பாப்போம். அண்டங்காக்கா எங்க எறங்குது, எத்தனை எறங்குதுன்னு பாத்தா போதும், இரை அங்கதான் விழுந்திருக்கும். எல்க் மான் கூட்டம் மேயறதை விட்டுட்டு எல்லாம் ஒரே பக்கம் தலையைத் தூக்கிப் பாத்துட்டு நின்னா லென்ஸை அந்தப் பக்கம் திருப்பணும். இதெல்லாம் எனக்கு யாரும் உக்கார வெச்சு சொல்லித் தரல, பக்கத்துல ஸ்கோப் வெச்சிருந்த ஒரு வயசானவர் காலைல வந்ததும் ஓநாயைத் தேடாம காக்காயைத் தேடுறதைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது.

அவர்தான் என் கேப்ஷனையும் உடைச்சார். ஃபோன்ல அந்த போட்டோவைப் பெருமையா நீட்டுனேன், பாத்துட்டு "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சு"ன்னு ரெண்டே கேள்வி. எனக்கு ஞாபகம் இல்ல. ராத்திரி ரூமுக்குப் போய் பழைய ஃபோல்டரைத் திறந்தா அந்த ஒரு போட்டோவைச் சுத்தி 38 ஃபிரேம் கெடக்கு, நான் தேர்ந்தெடுத்தது பதினேழாவது, மத்ததை ஒழுங்கா பாத்ததே இல்ல. முதல் அஞ்சாறு ஃபிரேம்ல கறுப்பு ஓநாய் காதை மடக்கி உடம்பைத் தாழ்த்தி வாலை மட்டும் வேகமா ஆட்டிக்கிட்டு வருது, வந்து சாம்பலோட வாயை நக்குது. குட்டியா இருக்கும்போது இரையை வயித்துல சுமந்துட்டு வர்ற பெரியவங்க வாயை நக்கினா அதுங்க கக்கிக் குடுக்கும், அந்தப் பழக்கம் வளந்த பிறகும் கும்பிடு மாதிரி நிலைச்சுடுது. அப்புறம் தானா சரிஞ்சு மல்லாக்குது, யாரும் தள்ளல. பதினேழாவதுல சாம்பலோட மூக்கை ஜூம் பண்ணிப் பாத்தேன். நிஜமாவே மிரட்டுற ஓநாய்க்கு மூக்குத் தண்டு மேல தோல் மடிப்பு மடிப்பா சுருங்கும், உதட்டு ஓரம் முன்னாடி வந்துடும். இதுல மூக்கு வழவழன்னு இருக்கு, வாய் மட்டும் தளர்வா திறந்திருக்கு, அது விளையாட்டு முகம். 29ல கறுப்பு எந்திரிச்சு சாம்பலோட வாலைக் கவ்வுது. 38ல ரெண்டும் முதுகோட முதுகு ஒட்டிப் படுத்திருக்கு.

மறுநாள் அந்தக் குடும்பத்தை வருஷக்கணக்கா பாக்குறவங்ககிட்ட கேட்டா, சாம்பல் அம்மா, கறுப்பு அதோட பத்து மாசப் பையன். தலைவனும் இல்ல, தண்டனையும் இல்ல. வெளையாட வான்னு கூப்பிட்ட பையன்.

கூட்டத்துல ஒரு தலைவன் மத்ததை அடக்கி வெச்சிருக்கும்ங்கற இந்த "ஆல்ஃபா" கதை நம்ம மண்டைல எப்படி ஏறுச்சுன்னா, 1947ல ருடால்ஃப் ஷென்கெல்ங்கறவர் மிருகக்காட்சி சாலைல அடைச்சு வெச்ச ஓநாய்களைப் பாத்து எழுதினார், தப்பிச்சுப் போக எடமில்லாம ஒரே அடைப்புக்குள்ள கிடந்ததுங்க, அதுங்க அடிச்சுக்காம என்ன பண்ணும்? அதை 1970ல டேவிட் மெக்ங்கற ஓநாய் ஆராய்ச்சியாளர் தன் புத்தகத்துல எடுத்துக்க, அது உலகம் முழுக்கப் பரவிடுச்சு. அப்புறம் அதே மெக் ஆர்க்டிக் பக்கம் எல்ஸ்மியர் தீவுல பல கோடைகாலம் காட்டு ஓநாய்கூடவே இருந்து பாத்துட்டு, 1999ல கூட்டம்னா பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைங்கதான், பெத்தவங்களை ஆல்ஃபான்னு சொல்றதுல அர்த்தம் இல்லன்னு எழுதினார், அந்தப் பழைய புத்தகத்தை இனிமே அச்சடிக்காதீங்கன்னு பதிப்பாளர்கிட்டயே கேட்டார். தான் எழுதினதைத் தானே திருத்துற அந்த மனசு எனக்கு ஒரு கேப்ஷனை மாத்தறதுக்கே வரல, ரெண்டு வாரம் ஆச்சு. பத்திரிகைக்கு எழுதினேன், "பழசு விடுங்க"ன்னு பதில் வந்துச்சு.

உங்க வாட்ஸப்லயும் ஒரு போட்டோ வந்திருக்கும், பனியில வரிசையா ஓநாய் போகும், முன்னாடி போற மூணும் கிழடு நோயாளி, கடைசியா வர்றது தலைவன், எல்லாரையும் பாத்துக்குதுன்னு கீழ ஒரு தத்துவம். அது 2011ல பிபிசி ஆவணப்படக் குழுவுல இருந்தவர் கனடாவோட வுட் பஃபலோ பூங்காவுல எடுத்தது, 25 ஓநாய், பைசன்ங்கற காட்டெருமை வேட்டைக்குப் போகுது. முன்னாடி போறது பனியை உடைச்சு வழி போடுது, அதுக்கு நல்ல தெம்பு வேணும், பின்னாடி வர்றதெல்லாம் அந்தக் காலடியிலயே கால் வெச்சு சக்தியை மிச்சம் பண்ணுது. கிழடை முன்னாடி விட்டா பத்தடி தாண்டாது. கேலி பண்றதா நெனைக்காதீங்க, "தலைவனின் தண்டனை" எழுதின ஆளும் இதே ரகம்தான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்னு சொல்லி வளந்தவங்க நாம, ஓநாய் தலைல நம்ம குணத்தைக் கட்டிவிடறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல.

டெக்னிக்கல் விஷயம் கொஞ்சம் சொல்லிடறேன். அங்க பாதி ஓநாய் கறுப்பு, பனிக்கு ஏத்த மாதிரி எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு வெச்சா கறுப்பு ஓநாய் வெறும் ஓட்டை மாதிரி விழும், ஓநாய்க்கு வெச்சா பனி வெளுத்துடும், மேகமூட்டமான நாள்தான் எனக்கு ராசி. ஹீட்டர் போட்ட கார் ஜன்னல் வழியா எடுத்தா சூடு காத்து ஆடி மொத்தமும் சொதசொதன்னு வரும், லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஒரு சீசனே ஓட்டினேன். பேட்டரி சட்டைக்குள்ள இருக்கணும். அவ்வளவுதான், மீதியெல்லாம் பொறுமை.

ஆனா இந்த வேலைல என்னை நிஜமா உறுத்துறது வேற ஒரு போட்டோ. மே மாசம், குட்டிங்க இன்னும் வளைப் பக்கமே இருக்குற நேரம். பெண் ஓநாய் ஒண்ணு ராத்திரி வேட்டை முடிச்சு வயிறு புடைக்க ரோட்டைத் தாண்ட வருது, வளை அந்தப் பக்கம். ரோட்டுல கார் வரிசை, நானும் எறங்கி, தூரம் எல்லாம் கணக்காத்தான் இருக்கு, அது வர்ற நேர்கோட்டுல ட்ரைபாடை நட்டேன். நின்னுச்சு. நேரா லென்ஸுக்குள்ள பாத்துச்சு. மஞ்சக் கண்ணு, காலை வெளிச்சம், ஃபோகஸ் கண்ணு இமை மேல உக்காந்திருக்கு, எந்த எடிட்டரும் ஓடி வந்து வாங்குற ஃபிரேம். அப்புறம் உக்காந்துச்சு, உதட்டை நக்குச்சு, நல்லா வாயைத் திறந்து கொட்டாவி விட்டுச்சு. தூக்கம் போலன்னு சிரிச்சேன். நாய் வளக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வேண்டாத எடத்துல மாட்டிக்கிட்டா வர்ற கொட்டாவி அது. திரும்பி மேட்டுக்கு ஏறிடுச்சு. நாப்பது நிமிஷம் கழிச்சு ரொம்பத் தூரம் கீழ எங்கேயோ தாண்டுச்சுன்னு சொன்னாங்க. அந்த நாப்பது நிமிஷமும் குட்டிங்க பசியில இருந்ததுக்கு நானும் ஒரு காரணம், சட்டப்படி என் மேல ஒரு தப்பும் இல்ல.

அதுக்கப்புறம் ஓநாய் கேமராவைப் பாக்குற போட்டோ எதைப் பாத்தாலும் முதல்ல ஃபோட்டோகிராஃபர் எங்க நின்னார்னுதான் மனசு போகுது. சிலது வாடகைக்கு விடுற வளர்ப்பு ஓநாய், அது வேற கதை. 2009ல உலகத்தோட பெரிய வனவிலங்கு போட்டோ போட்டியில ராத்திரி மரக் கதவைத் தாண்டிக் குதிக்கிற ஓநாய்க்கு முதல் பரிசு குடுத்தாங்க, மறு வருஷமே அது பழக்கின ஓநாயா இருக்கும்னு நடுவர்கள் பரிசைத் திரும்ப வாங்கிட்டாங்க, எடுத்தவர் மறுத்தார். நான் அந்தப் படத்தை முதல்ல பாத்தப்போ வாயைப் பொளந்தவன்தான். கட்டை இடுக்குல நுழைஞ்சு போற ஜீவன் எதுக்கு எகிறிக் குதிக்கணும்னு எனக்கு அப்போ தோணவே இல்ல.

இப்போ முடிஞ்சவரைக்கும் காரை விட்டு எறங்கறதில்ல, அதுங்க போற வழியை ஊகிச்சு அதுல இருந்து விலகி நிக்கறேன். படமெல்லாம் பெரும்பாலும் முதுகும் வாலுமா வருது. போன பிப்ரவரியில கூட ஒண்ணு, எல்க் எலும்பைக் கடிச்சுட்டுப் படுத்திருக்கு ஒரு கறுப்பு ஓநாய், பின்னாடி ஒரு அண்டங்காக்கா பைய நடந்து வந்து அதோட வாலைப் புடிச்சு இழுக்குது, ஓநாய் திரும்பிக்கூடப் பாக்கல. முன்னாடி 22 ஃபிரேம், பின்னாடி 31, எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கேன். ரெண்டு எடிட்டருக்கு அனுப்பினேன். ஒருத்தர் முகம் தெரியலயேன்னார், இன்னொருத்தர் காக்காயை க்ராப் பண்ணிடலாமான்னு கேட்டார்.