காது செய்ததும் வாய் செய்ததும்

ஜனவரி 4, ஞாயிறு

மகன் குடும்பத்தோடு பொங்கோலிலிருந்து வந்திருந்தான். வீட்டில் வசந்தம் தமிழ் டிவி ஒளிவழி அலறல். குறைக்கச் சொன்னால், "என் வீட்டில் நான் டிவி பார்க்கக் கூடாதா?" என்கிறார் என் வீட்டுக்காரர். பேத்தி பக்கத்தில் நின்று ஏதோ கேட்டாள். இவர் திரும்பவே இல்லை. "தாத்தாவுக்கு என் மேல கோபமா, பாட்டி?"

மருமகளிடம் மட்டும் வாய் ஓயவில்லை. "உடம்பு போட்டிருச்சேம்மா! அடுத்தது எப்போ?" தீபாவளிக்கும் இதே கேள்விதான். சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

ஜனவரி 7

விடிகாலை நாலரைக்குக் குடும்பக் குழுவில் ரோஜாப்பூ, காலை வணக்கம். பின்னாலேயே சர்க்கரைக்கு வெண்டைக்காய்த் தண்ணீர் வைத்தியம். மாத்திரையை இவர் விடாமல் போடுகிறார் என்பது வேறு விஷயம்.

ஜனவரி 10, சனி

சமூக மன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இங்கே சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கண், காது, பல் மூன்றையும் பரிசோதிக்கும் 'சில்வர் ஸ்கிரீன்' திட்டம் 2018-லிருந்தே இருக்கிறது. கண்ணும் பல்லும் பரவாயில்லை. காது இரண்டும் தேறவில்லை.

வயதானால் மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகுமாம். ச, ஸ போன்ற எழுத்துகள் நழுவும். குழந்தைகள் குரலும் பெண்கள் குரலும் தெளியாது. கீழ்த்தள பெஞ்சில் நண்பர்கள் கட்டைக் குரலில் பேசுவது மட்டும் இவருக்குக் கேட்கிறதே, நடிக்கிறார் என்று வீட்டில் எல்லாரும் சிரிப்போம். நடிப்பில்லை.

தகுதி இருந்தால் காது கேட்கும் கருவிக்கு 90 விழுக்காடு வரை அரசு மானியம் உண்டு. மனு போட்டாயிற்று.

ஆனால் மருமகளைக் கேட்ட கேள்வியையும் காதின் கணக்கில் எழுத எனக்குச் சம்மதமில்லை. இரவு சொல்லியே விட்டேன். "உரிமையில்தானே கேட்டேன்?" என்றார். "உங்கம்மாவும் உரிமையில்தான் கேட்டாங்க. நான் அடுப்படியில் நின்னு அழுதேன்." பதில் இல்லை. அது கேட்டிருக்கிறது.

மார்ச் 21, சனி

நோன்புப் பெருநாள் விடுமுறை, எல்லாரும் வந்தார்கள். கருவி வந்து இரண்டு வாரம். குழாய்த் தண்ணீர் இரைகிறது, கரண்டி இடிக்கிறது என்று கழற்றிக் கழற்றி வைக்கிறார். மூளை பழகச் சில வாரம் பிடிக்கும் என்றார்கள். பேத்தி வந்தால் மட்டும் தானாகவே மாட்டிக்கொள்கிறார்.

மருமகளிடம், "வேலையெல்லாம் எப்படிம்மா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சாம்பாரைக் கிளறினேன். அவள் சொல்லத் தொடங்கியதும் பாதியில் மறித்துத் தன் மூட்டுவலிப் புராணத்தை ஆரம்பித்துவிட்டார். அடுத்து அதைக் கவனிக்கணும்.