கச்சானுக்கு எந்தக் கயாக்?

கடற்கயாக் (கடலில் துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு வள்ளம்) என்றதும் பேச்சு வேகத்துக்குத்தான் போகும். எத்தனை அடி நீளம், எத்தனை கிலோ, எத்தனை நொட் (மணிக்கு எத்தனை கடல்மைல்). திருகோணமலையில் இதை மூன்றாவதாகக் கேட்டால் போதும். முதலில் கேட்க வேண்டியது, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது இந்த வள்ளம் எந்தப் பக்கம் முகம் திருப்பும் என்பது. அடுத்தது, உடைந்தால் இங்கே யார் ஒட்டித் தருவார் என்பது. புது மொடல்களை ஒப்பிடும் விளம்பரங்களில் இந்த இரண்டுக்கும் பதில் இருக்காது.

மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கரையில் கடல் பெரும்பாலும் படுத்துக்கிடக்கும். காற்று இல்லாததால் அல்ல. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது, கரையோரம் அலை எழும்ப அதற்கு இடம் போதாது. அலை எழும்புவது வெளியே போன பிறகுதான். நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்கு ஒரு கிலோமீற்றர் அளவுதான். போகும்போது காற்று முதுகில், துடுப்பைத் தொட்டாலே ஓடும். வரும்போது அதே காற்று முகத்தில். காற்று 15 நொட்டைத் தாண்டினால் சராசரித் துடுப்புக்காரரின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், மடித்து ஊதும் வகைக் கயாக் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே இங்கே வாங்கும் கயாக்குக்கு முதல் தகுதி, எதிர்க்காற்றில் வீடு வந்து சேர்வது.

பக்கக் காற்றில் கயாக் ஏன் திரும்புகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஓடும்போது அணியம் (முன்நுனி) தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. அங்கே நீரின் அழுத்தம் கூட, அது பக்கவாட்டில் நகர மறுக்கும். அமரத்தை (பின்நுனியை) சுற்றி நீர் கலங்கிக்கிடப்பதால் அது சுலபமாக வழுக்கும். காற்று பக்கத்திலிருந்து தள்ள, அமரம் காற்றோடு போகும், அணியம் காற்றை நோக்கித் திரும்பும். இதைக் குறை என்று திட்டுபவர்கள் உண்டு. கச்சான் காலத்தில் காற்றை நோக்கித் திரும்பும் கயாக் என்றால் கரையை நோக்கித் திரும்பும் கயாக். குறைதான், ஆனால் நம் பக்கம் நிற்கிற குறை. இதற்கு மாறாக அமரத்தில் சாமானை ஏற்றி, அணியம் தூக்கிக்கொண்டு நிற்கும் கயாக் காற்றுக்கு முதுகு காட்டும். அது பார்க்கும் திசையில் அடுத்த கரை நிக்கோபார்த் தீவுகள்.

இந்தத் திரும்பலை அடக்கத்தான் ஸ்கெக். அமரத்தின் அடியில் ஒரு பெட்டிக்குள் இருந்து இறங்கும் சிறு தகடு. அரைவாசி இறக்கினால் பக்கக் காற்றில் நேராக ஓடும், முழுதாக இறக்கினால் காற்றோடு ஓடச் சுகம், மேலே எடுத்தால் காற்றை நோக்கித் திரும்பும். மூன்று நிலையும் வேண்டும் என்பதுதான் முக்கியம். நம் கரையில் அதைக் கெடுப்பது மணல். கயாக்கை மணலில் வைத்து ஏறி, உடம்பால் உந்தித் தண்ணீருக்குள் தள்ளினால் பெட்டிக்குள் மணலும் சிப்பித் துண்டும் ஏறிவிடும். பிறகு தகட்டை ஏற்றி இறக்கும் ஸ்லைடரைத் தள்ளினால் தகடு வராது. பலமாகத் தள்ளினால் உள்ளே ஓடும் கம்பி வடம் மடங்கும். மடங்கிய வடத்தைத் திரும்ப நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். தகட்டின் நுனியில் 3 மில்லிமீற்றர் துளை போட்டு, விரல் நீளத்துக்கு ஒரு நைலோன் நூல் கட்டி வெளியே விட்டால், சிக்கும்போது பக்கத்தில் வருபவர் இழுத்துவிடலாம். தனியாகப் போகிறவருக்கு நூல் உதவாது. அவர் இடுப்பளவு தண்ணீரில் மிதக்கவிட்டு ஏறப் பழக வேண்டும். புதுக் கயாக்குகள் சிலவற்றில் கம்பிக்குப் பதில் கயிறும் இறப்பர் நாணும் வருகின்றன. உப்புக் காற்றுக்கு இதுதான் நல்லது: துருப்பிடிக்காது, அறுந்தால் கரையில் இருந்தே மாற்றலாம்.

சுக்கான் வேறு வகை. காலால் திருப்பலாம், நீண்ட தூரத்துக்கு உடம்பு களைக்காது. 2009இல் கயாக்கில் ஆஸ்திரேலியாவைச் சுற்றி முடித்த ஜெர்மன்காரர் ஃப்ரேயா ஹோஃப்மைஸ்டர் ஓட்டிய எபிக் 18எக்ஸ் சுக்கான் உள்ள வள்ளம்தான். பழைய சுக்கான்களில் காலை அழுத்தினால் மிதிகட்டை முழுதும் வழுக்கும், காலூன்றித் துடுப்புப் போட முடியாது. இப்போது வருகிறவற்றில் கட்டை அசையாது, கால்விரல் படும் மேல்பகுதி மட்டும் சாயும். சுக்கான் உள்ளதை வாங்கினால் இப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனாலும் அலையடிக்கும் கரையில் பின்பக்கமாக இழுபட்டு ஏறும்போது முதலில் மணலில் குத்துவது சுக்கான்தான்.

இனி நீளம். ஒரு வள்ளம் தன் அலையைத் தானே ஏற முடியாமல் திணறும் வேகத்தைக் கணக்கிட எல்லோரும் போடும் சூத்திரம்: நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நொட்டில் விடை. நீர்க்கோட்டு நீளம் 13 அடி என்றால் 4.8 நொட், 15.4 அடி என்றால் 5.3, 17.7 அடி என்றால் 5.6. மொத்த நீளத்தைப் போட்டுக் கணக்கிடக்கூடாது. 1975இல் நோர்வேயின் வடமுனைப் பயணத்துக்காக வந்த நோர்ட்கப் போன்ற பழைய பிரித்தானிய வடிவங்கள் இரண்டு நுனியும் மேலே வளைந்தவை; மொத்த நீளத்தில் இரண்டு அடிக்கு மேல் காற்றில்தான் நிற்கும். புது வேகக் கயாக்குகளின் அணியம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இறங்கும், நீளம் முழுதும் தண்ணீரில்.

கணக்கில் நேர் அணியம் வெல்கிறது. ஆனால் சாதாரண ஆள் நாள் முழுதும் போடும் வேகம் 3 முதல் 3.5 நொட். அந்த வேகத்தில் அலைத்தடை பெரிதல்ல, தோல் உராய்வுதான் பெரிது. நீளம் கூடினால் நனையும் பரப்பும் கூடும், உராய்வும் கூடும். நிதானமாக ஓட்டும்போது 14 அடிக் கயாக் 18 அடிக் கயாக்கைவிடச் சோர்வு தராது. 4.5 நொட்டுக்கு மேல் தள்ளத் தெரிந்தவருக்குத்தான் நீளம் பலன் தரும். அவருக்கும், கொட்டியாரக்குடாவைக் கடந்து மூதூர்ப் பக்கம் போவதுபோன்ற பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டத்தில்தான்.

அந்தக் குடாவில் மத்தியானத்துக்குப் பிறகு காற்று அடிக்கும்போது எழும்புவது குட்டையான, செங்குத்தான அலை. நேர் அணியம் அதில் ஏறாமல் குத்திக்கொண்டு போகும். நெஞ்சுவரை நனைந்தாலும் ஓட்டம் குறையாது. மேல்வளைந்த அணியம் ஏறி ஏறி இறங்கும், காய்ந்திருக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் காற்று பிடிக்கும். பின்னால் அலை வரும்போது நிலைமை தலைகீழ்: நேர் அணியம் முன் அலையில் புதைந்து, பின்பக்கம் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பும்.

கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வந்த மாற்றங்களில் மெச்சத்தக்கது குட்டை விளையாட்டுக் கயாக்குகள். பி அன்ட் எச் டெல்ஃபின் இதற்கு நல்ல உதாரணம்: 4.7 மீற்றர், அடிப்பாகம் வாழைப்பழம்போல் வளைந்தது, பக்கமும் அடியும் சேரும் இடம் உருண்டையாக இல்லாமல் கூரான மூலை, நடுவில் தட்டையான அடி. அலையில் சறுக்கும், சாய்த்தால் சட்டென்று திரும்பும். கோணேசர் மலையின் அடியில், பாறையில் முட்டித் திரும்பும் அலையும் வரும் அலையும் ஒன்றுசேர்ந்து கூடாரம் கூடாரமாக எழும்பும். அந்த நீரில் இப்படியொரு வள்ளத்தில் இருப்பதும் 18 அடிக் குச்சியில் இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் இவற்றை ஸ்கெக் இல்லாமல் நேராக ஓட்டுவது கடினம். நீண்ட தூரத்தில் நேராக வைத்திருக்கவே பாதிப் பலம் போகும்.

என் தீர்ப்பு: ஒரேயொரு கயாக் வைத்திருக்கப் போகிறவருக்கு 15.5 முதல் 16.5 அடி, 21.5 அல்லது 22 அங்குல அகலம், அடியில் மிதமான வளைவு, கயிறு ஸ்கெக். சலிப்பான பதில்தான். சலிப்பான வள்ளம் கச்சானில் வீட்டுக்கு வரும்.

மூலப்பொருளில்தான் திருகோணமலைக்கென்று ஒரு வசதி உண்டு. வெளிநாட்டு இணையத்தளங்களில் புதியவருக்குப் பிளாஸ்டிக் வாங்கச் சொல்வார்கள், பாறையில் இடித்தாலும் உடையாது என்று. இங்கே பிளாஸ்டிக்கின் எதிரி வெயில். ஓட்டோ கூரையிலோ வான் வண்டியிலோ இறுக்கிக் கட்டி மத்தியானத்தில் நிறுத்தினால், பட்டி அழுத்திய இடம் உள்ளே குழியும். வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் வெளியே வரும், முழுதாக வராது. கிழிந்தால் ரெசின் (இறுகும் பிசின்) ஒட்டாது, அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியைச் சுடுகாற்றால் உருக்கித்தான் ஒட்ட வேண்டும்.

பைபர் (கண்ணாடி நார்) கயாக்குக்கு ஊர் முழுதும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். மீன்பிடிப் போட்டுகள் எல்லாம் பைபர். மட் (கண்ணாடி நார் விரிப்பு), ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் எல்லாம் கடையில் எடுக்கலாம். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும். போட்டுக்குப் பழகிய கை சதுர மீற்றருக்கு 450 கிராம் மட்டை மூன்று நான்கு அடுக்குப் போட்டு, மேலே நெய்த துணியும் வைத்துவிடும். கயாக்கின் தோல் 2 முதல் 3 மில்லிமீற்றர்தான். அதில் கல்போல ஒரு ஒட்டு விழுந்தால், அலையில் வள்ளம் வளையும்போது ஒட்டு வளையாது. ஒட்டின் ஓரத்தில் புது வெடிப்பு வரும். 300 கிராம் மட், இரண்டு அடுக்கு, இரண்டாவது முதலாவதைவிட இரண்டு விரல் அகலம். அது போதும்.

வேலை இப்படி. நல்ல தண்ணீரில் கழுவி ஒரு நாள் முழுதும் காயவிட வேண்டும். உப்பு ஈரம் இருந்தால் ஒட்டு உரிந்து வரும். வெடிப்பைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, பழைய நார் தெரியும்வரை எடுக்க வேண்டும். ரெசினை 100 கிராம் 100 கிராமாகத்தான் கலக்க வேண்டும். வெயில் காலத்தில் 1 வீதம் ஹார்ட்னர், அதாவது 100 கிராமுக்கு 1 மில்லிலீற்றர். 2 வீதம் போட்டால் மட்டில் ஊறுமுன்னே கோப்பையில் கட்டியாகிவிடும். மாரியில்தான் 2 வீதம். நிழலில் செய்ய வேண்டும். கடைசியாகப் பூசும் ஜெல்கோட் மேற்பூச்சு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும், மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடினால் இறுகும். வள்ளம் எபொக்சியில் செய்ததா என்று முதலில் கேட்டறிய வேண்டும். எபொக்சிமேல் சாதாரண பொலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது.

கார்பனில் சில கிலோ குறையும். அந்தக் காசுக்கு நல்ல துடுப்பொன்று வாங்கலாம்.

காற்றடைத்து ஊதும் கயாக்குகளில் இப்போது வரும் உள்நூல் வகை, அதாவது பலகைபோல் இறுகி நிற்பது, பழைய பலூன் வகையைவிட எவ்வளவோ மேல். சிறு அறையில் வாழ்பவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் காலை 30 பாகையில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றடித்து, மணலில் வெயிலில் விட்டு 60 பாகைக்கு ஏறினால் உள்ளே 12க்கு மேல் போய்விடும். தையல் விடுவது அப்படித்தான். கரையில் வைத்தால் கொஞ்சம் காற்றை இறக்கி, தண்ணீரில் குளிர்ந்த பிறகு திரும்ப அடிக்க வேண்டும். பாரமில்லாமல் மேலே மிதப்பதால் கச்சானில் இவை இலைதான். உள்துறைமுகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், அதுவும் கடற்படை எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டு.

இந்த வெப்பக் கணக்கு கடினக் கயாக்குக்கும் உண்டு. வெயிலில் நின்ற வள்ளத்தைத் தண்ணீரில் வைத்ததும் சாமான் அறைக்குள் காற்று சுருங்கும், இறப்பர் மூடி உள்நோக்கி உறிஞ்சப்படும், விளிம்பு பழையதென்றால் கடல்நீரும் சேர்ந்து உள்ளே போகும். நல்ல தயாரிப்பாளர்கள் தடுப்புச் சுவரில் 2 மில்லிமீற்றர் துளை விட்டிருப்பார்கள். அது பிழையென்று நினைத்து சிலிக்கனால் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைக்கக்கூடாது. துளை இல்லாவிட்டால் போட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்கக் கிடைத்தால், உப்புவெளியில் காலை ஆறு மணிக்கு அமைதியான நீரில் ஓட்டிப் பார்ப்பதில் பலனில்லை. எல்லா வள்ளமும் அப்போது நல்ல வள்ளம்தான். காற்று எழும்பிய பிறகு, கரைக்குச் சமாந்தரமாக, நெஞ்சளவு ஆழத்தைத் தாண்டாமல், கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ஸ்கெக் மேலே, அரை, முழு என்று ஒவ்வொன்றிலும் நூறு மீற்றர். பிறகு வேண்டுமென்றே கவிழ்ந்து, ஏறி, கைப்பம்பால் இறைத்துப் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர் கிட்ட இருந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் குறைவு, தள்ளி இருந்தால் இறைத்து முடியுமுன் காற்று இருநூறு மீற்றர் தள்ளிவிடும். கரைவலை இழுக்கும் நேரமென்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம். கயிறு எங்கே முடிகிறது என்பது வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் இழுப்பவர்களுக்கும்தான் தெரியும்.