கத்தியும் உறையும்: ஒரு தடைக்கால நாட்குறிப்பு

ஏப்ரல் 20, 2024

புதுச்சேரிக் கடலில் முக்குளிக்கும்போது உடன்வைத்திருக்க வாங்கிய மீட்புக் கத்தி நேற்று வந்து சேர்ந்தது. மடங்காத வகை, அலகின் நீளம் ஏழரை சென்டிமீட்டர், கனம் மூன்று மில்லிமீட்டர், உறையோடு சேர்த்து எடை நூறு கிராமைத் தாண்டவில்லை. முனை கூராக இல்லாமல் உளி போல வெட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் வழவழப்பான கூர்; மறுபக்கம் ரம்பப் பற்கள்; பிடியருகே மீன்பிடி நரம்பு அறுப்பதற்கு, உள்விளிம்பு கூரான ஒரு சிறு கொக்கி. கடலடியில் என் எதிரி சுறா இல்லை, மீனவர் கைவிட்ட வலை; ஆகவே குத்துவதற்கு முனை எனக்குத் தேவையில்லை. அந்த முனை என் தோழரின் காற்றுக்குழாயிலோ என் தொடையிலோ இறங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

பெட்டியைப் பிரித்தவுடன் கத்தியைத்தான் கண் தேடியது. உறையை மேசையில் ஓரமாக வைத்துவிட்டேன். கைடெக்ஸ் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அலகின் வடிவத்துக்கே அழுத்தி வார்த்த உறை அது. உள்ளே நுழைக்கும்போது ‘டக்’ என்று பூட்டிக்கொள்கிறது. அடியில் நீர் வடிய ஒரு துளை இருக்கிறது.

ஏப்ரல் 23

தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய் வந்தேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா என்பதால் கரையெங்கும் வலைகளைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழித்துப்போட்ட துண்டுகளில் மூன்று வகையைக் கேட்டு வாங்கி வந்தேன்: மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலையின் தங்கூஸ் என்னும் ஒற்றை நைலான் நரம்பு, இழுவை மடி வலையின் முறுக்கு நூல், கட்டைவிரல் பருமனுள்ள மேல்கயிறு.

வீட்டு மொட்டைமாடியில் ஒரு வாளி நீருக்குள் வைத்து அறுத்துப் பார்த்தேன். மேல்கயிற்றில் வழவழப்பான கூர் வழுக்கியது. ரம்பப் பற்கள் ஏழெட்டு இழுப்பில் அறுத்தன. தங்கூஸில் நேர்மாறு. ஒற்றை நரம்பு பற்களின் இடையே சிக்கி, அறுபடாமல் கத்தியோடு கூடவே வந்தது. கொக்கியில் மாட்டி இழுத்தால் ஓசையின்றி அறுந்தது. ஆனால் எந்தக் கூரானாலும் நரம்பு விறைப்பாக இருந்தால்தான் அறுபடுகிறது. தளர்ந்த நரம்பை ஒரு கையால் பிடித்து இழுத்து விறைப்பாக்கிக்கொண்டு மறுகையால் அறுக்க வேண்டியிருக்கிறது. அதாவது சிக்கிக்கொண்டவனுக்கு இரண்டு கைகளும் ஓய்வாக இருக்க வேண்டும். சிக்கிக்கொண்டவனிடம் அது இருக்காது என்பதை விற்பனைப் படங்களில் யாரும் காட்டுவதில்லை.

ஏப்ரல் 28

கத்தியை எங்கே கட்டுவது என்பதில் இன்று முழுப்பொழுதும் போயிற்று. காலின் ஆடுசதையில் கட்டுவது பழைய வழக்கம். படங்களில் கம்பீரமாக இருக்கும். ஆனால் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் பிடியே வலையை முதலில் பிடித்துக்கொள்ளும். கால் சிக்கிவிட்டால் குனிந்து எட்டவும் முடியாது. ஆகவே மிதவைச் சட்டையின் இடது மார்புப் பட்டையில், பிடி கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினேன். கை இயல்பாகத் தொங்கும் நிலையிலிருந்து மேலே வந்தால் பிடி தட்டுப்படும். இரு கைகளுக்கும் எட்டும்.

நீச்சல் குளத்தில், கண்ணாடியின் உட்புறத்தைக் கறுப்புத் தாளால் மறைத்துக்கொண்டு, கையுறையோடு இருபது முறை உருவிப் பார்த்தேன். வலது கையால் ஏறக்குறைய மூன்று விநாடி. இடது கையால் ஐந்து. அந்த இரண்டு விநாடி மணிக்கட்டை மடக்குவதில் போகிறது. பட்டையில் உறையை இரண்டு விரல் அளவு நடுவுக்கு நகர்த்தியதும் இடக்கைக்கும் நான்காகக் குறைந்தது.

தலைகீழாகக் கட்டியிருப்பதால் கத்தியைத் தாங்குவது உறையின் பிடிமானம் ஒன்றுதான். அதை அளக்க வேண்டும் என்று தோன்றியது. பயணப்பெட்டி எடைபோடும் தொங்கு தராசின் கொக்கியைக் கத்திப் பிடியின் துளையில் மாட்டி, உறையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். 2.5 கிலோ காட்டும்போது கத்தி வெளியே வந்தது. குறித்து வைத்தேன்.

மே 12

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. இன்று நடந்ததைப் பிசகின்றி எழுதிவைக்க வேண்டும்.

காலை ஆறரைக்கு ஃபைபர் படகில் புறப்பட்டோம். பதினான்கு மீட்டர் ஆழத்தில் நாற்பது நிமிடம். பார்க்கும் தூரம் ஐந்து மீட்டர்கூட இல்லை. பாறையோரம் ஒரு கிழிந்த செவுள் வலை ஈயக்குண்டுகளோடு படிந்து கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனோம். மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தபோது படகோட்டி அண்ணன் குனிந்து, “சார், உங்க கத்தி இங்கயே கிடக்குது. வேணாம்னு வச்சிட்டுப் போனீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

மார்பைத் தடவினேன். உறை இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சட்டையை மாட்டும்போதோ, பின்புறமாகக் கடலில் சாயும்போதோ கத்தி நழுவிப் படகுக்குள் விழுந்திருக்கிறது. அந்த நாற்பது நிமிடமும் வெற்றுறையோடு வலையின் அருகே நீந்தியிருக்கிறேன்.

மாலையில் தராசில் மாட்டினேன். 0.9 கிலோ.

காரணம் தேட வெகுநேரம் ஆகவில்லை. போன செவ்வாயன்று சட்டையைக் காரின் பின்கண்ணாடியடியில் போட்டுவிட்டுக் காலை பத்திலிருந்து மூன்று வரை வெயிலில் நிறுத்தியிருந்தேன். கைடெக்ஸ் நீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்னரே இளகத் தொடங்கும் பொருள். பூட்டியிருந்த காருக்குள் கண்ணாடியை ஒட்டிய இடம் மே மாதத்தில் என்ன சூடாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே கிடந்த எடைப்பட்டையின் பாரமும் சேர்ந்து உறையின் வாயை ஒரு நூலளவு விரித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. சூட்டால் வார்த்த பொருள் சூட்டுக்கே இளகும். உறையோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது என் மனக்குறை. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

மே 14

இளகியதை இளக்கியே திருத்தலாம். அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரில் உறையின் வாய்ப்பகுதியை மட்டும் ஒரு நிமிடம் அமிழ்த்தி, கத்தியை உள்ளே செருகி, மடித்த துண்டின் வழியே பூட்டுப் பள்ளத்தின் மீது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் நனைத்தேன். முதல் முறை அழுத்தம் மிகுந்துவிட்டது: தராசு 4.1 காட்டியது, இடக்கையால் உருவவே முடியவில்லை. இரண்டாம் முறை 2.4. அதோடு நிறுத்திக்கொண்டேன். இனி ஒவ்வொரு முறை கடலுக்குப் போகுமுன்பும் தராசு வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

மே 19

துரு. பழைய கத்தியையும் புதியதையும் கடல்நீரில் நனைத்த துணியில் சுற்றி ஐந்து நாள் வைத்திருந்தேன். பழையது கத்திகளுக்கு வழக்கமாகப் போடும் கரிமம் கலந்த துருப்பிடிக்கா எஃகு. அதன் முத்திரை எழுத்துகளைச் சுற்றியும் பிடியின் திருகுகளுக்கு அடியிலும் செம்புள்ளிகள். நீர் தேங்கும் இடுக்கில் ஆக்சிஜன் குறைவதால் எஃகின் மேல்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடிவதில்லை. உப்பிலுள்ள குளோரைடு அங்கேதான் துளைக்கிறது. புதியதில் கரிமத்தின் பெரும்பகுதிக்குப் பதிலாக நைட்ரஜன் சேர்த்திருக்கிறார்கள். கரிமம் மிகுந்தால் அது குரோமியத்தைத் தன்னோடு கட்டிக்கொண்டு, துருவைத் தடுக்கும் வேலைக்கு மிச்சம் வைப்பதில்லை. அலகு பளிச்சென்று இருக்கிறது. ஒரு புள்ளிகூட இல்லை.

ஆனால் உறையைப் பட்டையோடு பிணைக்கும் இரண்டு திருகுகளும் சிவந்துவிட்டன. விலை உயர்ந்த எஃகில் கத்தியைச் செய்தவர்கள், அதைத் தாங்கும் திருகில் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள். படகுச் சாமான் கடையில் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகுத் திருகுகள் கிடைத்தன, மாலிப்டினம் கலந்தவை. மாற்றிவிட்டேன்.

மே 26

நேற்றைய முக்குளிப்பில் மணல் புகுந்து உறை இறுகிவிட்டது; தராசு 3.3. வடிகால் துளை சிறிது. நான்கு மில்லிமீட்டர் துளைக்கருவியால் அதை அகலப்படுத்தி, நன்னீரில் குலுக்கிக் கழுவியதும் மீண்டும் 2.4.

ஜூன் 16

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடியும் கடலில். காலையில் தராசு 2.4.

பன்னிரண்டு மீட்டரில் தோழர் திடீரென நின்றார். முன்னே நகரப் பார்த்தார், முடியவில்லை. அவருடைய சிலிண்டரின் வால்வு, கழுத்துக்குப் பின்னால், ஒரு தங்கூஸ் இழையில் மாட்டியிருந்தது. அந்த இடத்துக்கு அவர் கை எட்டாது. அவரிடம் எத்தனை கத்தி இருந்தாலும் பயனில்லை. அசைய வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டுப் பின்பக்கம் போனேன். உருவியது இடக்கையால், வந்துவிட்டது. அவர் முன்னோக்கி இழுத்து நின்றதால் இழை விறைப்பாகவே இருந்தது. கொக்கியை மாட்டி ஒரே இழுப்பு. எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்தது.

பிறகு கத்தியை உறையில் போட வேண்டும். உருவிப் பழகியிருந்தேனே தவிர, கையுறையோடு, பாராமல், தலைகீழான உறைக்குள் திருப்பிப் போடப் பழகவே இல்லை. மூன்று முறை உறையின் வாய் தவறியது. மூன்றாவது முறை ரம்பப் பற்கள் எதையோ உரசியதை உணர்ந்தேன். படகில் ஏறிப் பார்த்தால், சட்டைக்குக் காற்று கொண்டுபோகும் குழாயின் ரப்பரில் நகநீளக் கீறல், உள்நூல் தெரியுமளவுக்கு. கசிவு இல்லை என்றாலும் அந்தக் குழாயை இனி நம்ப முடியாது. நாளை புதியது வாங்க வேண்டும். உறையை வலப்பக்கப் பட்டைக்கு மாற்ற வேண்டும். குளத்தில் இன்னும் இருபது முறை, இந்தத் தடவை உள்ளே போடுவதற்கு.