ஏஆர்-15 லொடலொடப்பு: அப்பரையும் லோயரையும் இறுக்கிப் பார்த்தேன்

டெக்ஸாஸில் வெயில் உச்சத்துக்குப் போனால் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிற ஆசை போய்விடும். கராஜில் ஃபேனைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைப் பிரித்து மாட்டுவதுதான் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்துக்கொண்ட வேலை, என் ஏஆர்-15இல் அப்பருக்கும் லோயருக்கும் நடுவே இருக்கும் ஆட்டம். தோளில் அணைக்கும் ஸ்டாக்கை ஒரு கையிலும் குழலை மூடியிருக்கும் ஹேண்ட்கார்டை இன்னொரு கையிலும் பிடித்து முறுக்கினால் கீல் தளர்ந்த பீரோ கதவு மாதிரி லொட்டு லொட்டு என்று சத்தம். குறி தப்புகிறதா என்றால் இல்லை. ஆனாலும் கையில் எடுக்கும்போதெல்லாம் மனசுக்கு ஒப்பவில்லை.

இந்த வகைத் துப்பாக்கி பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஆர்-15இன் உடம்பு இரண்டு பாகம். குழல், குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் போல்ட், மேலே மாட்டும் ஸ்கோப் எல்லாம் அப்பரில். ட்ரிகர், மேகஸின் குழி, கைப்பிடி, ஸ்டாக் எல்லாம் லோயரில். முன்னால் ஒரு பின் (ஆணி), பின்னால் ஒரு பின், இரண்டும் சுமார் கால் அங்குல விட்டம். அவ்வளவுதான் இணைப்பு. பின்பக்கத்துப் பின்னைத் தள்ளினால் துப்பாக்கி ஏர்கன் மாதிரி மடங்கித் திறக்கும், இரண்டையும் தள்ளினால் தனித்தனியாகக் கழன்று வரும். அமெரிக்கச் சட்டத்தில் சீரியல் நம்பர் உள்ள லோயர்தான் 'துப்பாக்கி'. அப்பரை உதிரி பாகமாகவே வாங்கலாம். அதனால் ஒரு கம்பெனி லோயரில் வேறு கம்பெனி அப்பரை மாட்டுவது இங்கே சர்வ சாதாரணம். என்னுடையதும் அப்படிச் சேர்ந்த ஜோடிதான்.

ஆட்டம் வருவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட்டில் வடிவமைத்த துப்பாக்கியின் வாரிசு இது. ராணுவத்துக்குப் போகிற பொருள் என்றால் எந்த அப்பரும் எந்த லோயரிலும் உட்கார வேண்டும், சேறு புகுந்தாலும் பின் விரலால் தள்ளினால் வர வேண்டும். அதற்காக அளவில் கொஞ்சம் இடைவெளி விட்டே தயாரிக்கிறார்கள். ஆக இந்த ஆட்டம் பழுது இல்லை, வேண்டுமென்றே விட்ட இடம்.

வேலையில் இறங்குவதற்கு முன் அளந்து பார்த்தேன். மேகஸினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டா டப்பாவை வேறு அறையில் வைத்த பிறகுதான் மேஜைக்கு வந்தது துப்பாக்கி. மேகஸின் குழிக்குள் நுழைகிற பிளாஸ்டிக் பிளாக்கை வைஸில் பிடித்து அதன்மேல் லோயரை நிறுத்தினேன். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் இண்டிகேட்டரின் காந்தக் காலைத் துப்பாக்கியில் ஒட்ட முடியாது, உடம்பு முழுக்க அலுமினியம். வைஸின் இரும்பில் ஒட்டிவிட்டு அதன் முனையை அப்பரின் பின்பக்கக் கன்னத்தில் தொட வைத்தேன். கையால் இடமும் வலமும் தள்ளினால் முள் 12 தௌ வரை போனது, அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரமாகக் கூறுபோட்டால் அதில் 12 பங்கு. மேலும் கீழும் அதைவிடக் குறைவு. காதுக்குப் பெரிதாகக் கேட்கிற சத்தத்துக்கு இவ்வளவு சின்ன அளவா என்று எனக்கே ஆச்சரியம்.

முதலில் செய்தது செலவே இல்லாத வைத்தியம். பிளம்பிங் கடையில் கிடைக்கும் ஓ-ரிங் பாக்கெட்டில் மெல்லிசாக ஒன்றை எடுத்து, அப்பரின் முன்பக்கக் காதைச் சுற்றி மாட்டி, அதன்மேல் லோயரைச் சேர்த்துப் பின்னைத் தள்ளினேன். ரப்பர் நசுங்கி அப்பரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கிறது. சத்தம் பாதி அடங்கியது. ஆனால் முன்பக்கம்தான் இறுகியது, பின்பக்கம் பழைய கதைதான். தவிர, திறந்து மூடுகிற இடத்திலேயே ரப்பர் இருப்பதால் நாளடைவில் அறுபடும். சத்தம் மட்டும்தான் தொந்தரவு என்பவருக்கு இது போதும்.

அடுத்தது அக்யூ-வெட்ஜ். சின்ன சிவப்பு ரப்பர் துண்டு, சில டாலர்தான். லோயரின் பின்கோடியில், பின்பக்கத்துப் பின் ஊடுருவும் குழிக்குள் இதை வைக்க வேண்டும். அப்பரை மூடும்போது அதன் பின்பக்கக் காது வந்து இதன்மேல் உட்காரும், ரப்பர் கீழேயிருந்து மேலே தள்ளும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் பெரும்பாலும் மூடாது. எனக்கும் மூடவில்லை. கீழ்ப்பக்கத்தை பிளேடால் சீவிச் சீவித்தான் பொருத்த வேண்டும். ஒரு சீவல், வைத்து மூடு, பின்னைத் தள்ளிப் பார், மறுபடி ஒரு சீவல். வெங்காயத் தோல் கனத்துக்குமேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. எடுத்த ரப்பரைத் திரும்ப ஒட்ட முடியாதே!

எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் விஷயம். கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் பின் போக வேண்டும், அதுதான் என் அளவுகோல். சுத்தியல் தேவைப்பட்டால் இறுக்கம் அதிகம். பின் எஃகு, துளை அலுமினியம். தட்டித் தட்டி ஏற்றினால் தேயப்போவது துளைதான். துளை முட்டை வடிவமாகிவிட்டால் எந்த ரப்பரும் காப்பாற்றாது. சீவி முடித்தபின் இண்டிகேட்டர் 3 தௌவுக்குள் நின்றது. முறுக்கினால் சத்தம் சுத்தமாக இல்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த உண்மையான சந்தோஷம் இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு வழி, லோயரிலேயே இதற்கென்று ஒரு ஸ்க்ரூ. ஏரோ பிரிசிஷன் போன்ற சில கம்பெனி லோயர்களில் கைப்பிடிக்கு உள்ளே, அப்பரின் பின்பக்கக் காதுக்கு நேர் கீழே, நைலான் முனை வைத்த ஸ்க்ரூவுக்குத் துளை இருக்கும். ஆலன் கீயால் திருகத் திருக அப்பரை மேலே தள்ளும். ரப்பரைவிட நேர்த்தியான ஏற்பாடு. என் லோயரில் அந்தத் துளை இல்லை. புதிதாக லோயர் வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்கலாம்.

தடித்த பின்னும் கிடைக்கிறது. அதை நான் தொடவில்லை. முன்பக்கத்துப் பின்னை முழுசாக வெளியே எடுக்க வேண்டுமென்றால், அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கும் குண்டூசித் தலை அளவு இரும்புத் துண்டும் கழன்று வரும். வரும் என்பது மரியாதையான சொல், பறக்கும். கராஜ் தரையில் டார்ச் வைத்துக்கொண்டு தவழாத ஏஆர் காரர் இருக்க மாட்டார். பெரிய ஜிப் பைக்குள் லோயரை வைத்துக் கையை உள்ளே விட்டுச் செய்வது உத்தமம்.

எபாக்ஸி ஊற்றும் முறையைக் கிளப்பில் ஒரு பெரியவர் தன் துப்பாக்கியில் காட்டினார். லோயரின் பின்குழியில் கொஞ்சம் எபாக்ஸி, அப்பரில் ஷூ பாலிஷ் மெழுகு தடவி ஒட்டாமல் பார்த்துக்கொண்டு, மூடி ஒரு ராத்திரி விட்டுவிடுவது. இரண்டும் ஒரே வார்ப்பு போல உட்கார்ந்துவிட்டன. ஆனால் அந்த லோயர் இனி அந்த அப்பருக்கு மட்டும்தான். மாற்றி மாட்டும் வசதிக்காக ஏஆர் வாங்கியவனுக்கு இது சரிப்படாது. அரத்தை எடுத்து உலோகத்தைத் தேய்ப்பது பற்றிப் பேசவே வேண்டாம். மேலே இருக்கும் கடின அனோடைஸ் பூச்சு 2 தௌ கனம்கூடச் சரியாக வராது. அது போனால் உள்ளே மெத்தென்ற அலுமினியம்தான்.

சரி, குழு, அதாவது ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் காகிதத்தில் விழுந்த பரப்பு, சுருங்கியதா? 100 கெஜத்தில், முன்னால் பைபாடும் (இரண்டு கால் தாங்கி) பின்னால் மணல் பையும் வைத்து, ஐந்தைந்து தோட்டாவாக, வெட்ஜ் வைத்தும் எடுத்தும் மாற்றி மாற்றிச் சுட்டேன். இரண்டிலும் ஒன்றரை அங்குலத்தை ஒட்டியே வந்தது. எது எந்தக் காகிதம் என்று பின்னால் எழுதி வைக்காவிட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. மலிவான 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டாவிலிருந்து 77 கிரெய்ன் மேட்ச் (போட்டி) தோட்டாவுக்கு மாறியபோது வந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட வெட்ஜ் வரவில்லை.

யோசித்தால் நியாயம்தான். போல்ட் பூட்டிக்கொள்வது குழலின் பின்முனையில், குழல் மாட்டியிருப்பது அப்பரில், ஸ்கோப்பும் அப்பரில். குறி பார்க்கும் பாகமும் குண்டு போகும் பாகமும் ஒரே துண்டு. லோயர் ஆடினாலும் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஆடுவதில்லை. போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடுவது) கதை வேறு. அங்கே குழலும் போல்ட்டும் மாட்டிய ஆக்‌ஷன் ஸ்டாக்கில் அசைந்தால் குழு சிதறும், அதனால்தான் ஸ்டாக்குக்குள் அது அசையாமல் படியும்படி 'பெட்டிங்' செய்கிறார்கள். எம்14 என்ற பழைய ராணுவத் துப்பாக்கியில் போட்டிக்காரர்கள் மரக்கட்டைக்குள் ஃபைபர்கிளாஸ் பூசிப் படுக்கவைத்து, அது தேயத் தேயத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். 1990களில் சர்வீஸ் ரைஃபிள் (ராணுவத் துப்பாக்கி) போட்டிகளில், ஏஆர்-15இன் ராணுவ வடிவமான எம்16 வகை அதன் இடத்தைப் பிடித்ததற்கு, இந்தத் தலைவலி இல்லாததும் ஒரு காரணம். லோயரை இறுக்கினால் குறி கூடும் என்ற நம்பிக்கை அந்தப் பழைய பழக்கத்தின் மிச்சம் என்றே எனக்குப் படுகிறது.

ஒரே ஒரு பலனை மட்டும் ஒத்துக்கொள்வேன். கன்னம் வைப்பது லோயரில் மாட்டிய ஸ்டாக்கில், பைபாட் தாங்குவது அப்பரை. பெஞ்சில் படிந்து ட்ரிகரை அழுத்தும்போது நடுவில் அந்த நெளிவு இல்லாதது நிதானமாக இருக்கிறது. ஸ்கோப்பில் குறுக்குக் கோடு துள்ளுவது குறைந்த மாதிரி இருந்தது. காகிதத்தில் காட்ட முடியாத பலன், ஆனாலும் வெட்ஜை எடுக்கவில்லை. துடைக்கும்போது எண்ணெய் தேங்காமல் அந்தக் குழியை மட்டும் துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

குழு சுருங்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் அப்பருக்குள், குழலின் பின்முனை நுழையும் துளையில். என்னுடையதில் அது கையாலேயே சரக்கென்று உள்ளே போகிறது. 1 தௌ எஃகுத் தகடு ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். குழலைக் கழற்றி, தகட்டைச் சுற்றி, குழலைப் பிடிக்கும் நட்டை, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச்சில் 30க்கும் 80 அடி-பவுண்டுக்கும் நடுவே முறுக்கி, அதே தோட்டாவில் மறுபடி சுடப் போகிறேன். வெயில் கொஞ்சம் தணியட்டும்.