டேப்பட் என்று நினைத்த சத்தம்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் என் ஒற்றை சிலிண்டர் பைக்கில், காலையில் இஞ்சின் பிடித்ததும் 'டிக் டிக்' என்றொரு சத்தம் வரத் தொடங்கியது. நான்கைந்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் அது அநேகமாக அடங்கிவிடும். மேடேறும்போது மட்டும் மறுபடி தலைகாட்டும்.

எல்லோரையும் போல நானும் முதலில், வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டைத்தான் சந்தேகித்தேன். இரவு முழுவதும் ஆறிய இஞ்சினில், அழுத்த வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் இரண்டு வால்வுகளின் இடைவெளியையும் அளந்ததில், ஒன்றில் 0.02 மி.மீ. கூடுதலாக இருந்தது. அதைச் சரிசெய்தும் சத்தம் மாறவில்லை. கிளட்ச் பக்கச் சத்தமோ என்று கிளட்சைப் பிடித்துப் பார்த்தேன்; அதிலும் வித்தியாசம் இல்லை. வண்டியைப் பார்த்த மெக்கானிக், பிஸ்டன் ஆட்டம் கண்டுவிட்டது, இஞ்சினைப் பிரித்து போர் வேலை (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சீராக்குவது) பார்க்க வேண்டும் என்றார். குளிர்ந்த பிஸ்டன் சுவரில் தட்டுவதும், சூட்டில் விரிந்து இடைவெளி குறைந்ததும் சத்தம் அடங்குவதும் உண்மைதான் என்பதால், அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் ஆயில் குறையவில்லை, இழுவையும் குறையவில்லை. மனம் ஒப்பாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து, கால்பங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்டேன். 1200 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1200 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒன்றாக நொடிக்கு 10 முறை வெடிப்பு நிகழும்; அதை இப்படி மெதுவாக்கினால் காது எண்ணிவிடும். சைலன்சரின் ஒவ்வொரு 'டப்'புக்கும் சரியாக ஒரு 'டிக்' விழுந்தது. வால்வும் அதே தாளத்தில்தான் அடிக்கும் என்பதால் இது எதையும் முடிவாகச் சொல்லிவிடவில்லை.

அடுத்து, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை மேலே வால்வுகள் இருக்கும் ஹெட், நடுவே சிலிண்டர், அடியில் கிராங்க் கேஸ் என்று ஒவ்வொன்றாக ஊன்றிக் கேட்டேன். எங்குமே அந்த 'டிக்' தனியாகத் தூக்கலாகக் கேட்கவில்லை. இதுதான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது: இரும்பில் இல்லாத சத்தம் காற்றில் இருக்க வேண்டும் அல்லவா? பெட்ரோல் டியூப் துண்டு ஒன்றின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை இஞ்சினைச் சுற்றி நகர்த்தினேன். புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் பெண்டு பைப் ஹெட்டுடன் சேரும் இடத்துக்கு அடியில் வந்ததும் காதில் அறைந்தது போலிருந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், இஞ்சினின் சூட்டை ஆற்றும் தகடுகளான ஃபின்களில், கீழ்ப்பக்கத்து ஒன்றில் விரலகலத்துக்குக் கரி படிந்திருந்தது. மறுநாள் காலை, பைப் சூடாகும் முன் சோப்பு நீர் விட்டதும் நுரை சீறிக்கொண்டு வெளியே தெறித்தது. அந்த இணைப்பில் புகை கசிந்திருக்கிறது; சூட்டில் உலோகம் விரிந்து கசிவை அடைத்துக்கொண்டதால்தான் சத்தம் இத்தனை நாள் ஒளிந்து விளையாடியிருக்கிறது.

பைப்பைப் பிடித்திருக்கும் துருவேறிய ஸ்டட் (மரையுள்ள கம்பி) முறிந்துவிடக்கூடாது என்பதற்காக நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு காத்திருந்தேன். இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையமான பழைய கேஸ்கெட் நசுங்கி, துவாரத்தின் உள்ளேயே ஒட்டியிருந்தது; அதைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் புதியதை வைத்திருந்தால் கசிவு தொடர்ந்திருக்கும். இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினேன். இரண்டு நாள் ஓட்டி, ஆறவிட்டு மீண்டும் முறுக்கியபோது இன்னும் கால் சுற்றுப் பிடித்தது.

இப்போது காலையில் கேட்பது டேப்பட்டின் மெல்லிய சத்தம் மட்டுமே. அது இருக்க வேண்டிய சத்தம்தான்.