ஐயர் மாறுகிற மாதம்

ஏப்ரல் 28, 2024, ஞாயிறு

ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்னால் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஐந்து வருஷம் முடிகிறது, மாற்றல் லிஸ்ட் வந்தாயிற்று.

(வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். திருமங்கலம் பக்கத்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் கிராமம் எங்களுடையது. பாதிரியாரை ஐயர் என்போம். அவர் வீட்டம்மா ஐயரம்மா. இந்த ரெண்டாவது வார்த்தைதான் இனி வரப்போகிற தலைவலி.)

புதிதாக வருகிறவர் பெயரை வாசித்ததும் பாடகர் குழுவில் முணுமுணுப்பு. ஆணா, பெண்ணா? நம் ஆட்கள் வைக்கிற பெயர்களில் பாதி அப்படி. கிருபை, ஜெயம், ஞானம், அருள் என்று ஆண்பிள்ளைக்கும் வைக்கலாம், பொம்பளைப்பிள்ளைக்கும் வைக்கலாம். வாட்ஸப்பில் வந்த லிஸ்டில் ‘அருள்திரு’ என்று போட்டு இனிஷியலும் பேரும். அந்த அருள்திருவும் அப்படித்தான், யாருக்கும் பொருந்தும்.

மே 1, புதன்

பெண்தான். ராத்திரிக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது.

மே 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து சேகரக் கமிட்டி (ஓர் ஐயர் பொறுப்பில் இருக்கிற வட்டாரம்தான் சேகரம்). பொருளாளர் என்ற முறையில் ஏப்ரல் கணக்கை வாசித்தேன். ஒருத்தர் காதிலும் விழவில்லை. மற்ற மாதங்களில் மெழுகுவர்த்திச் செலவுக்குக்கூட ரசீது கேட்கிறவர்கள்.

மாடிவீட்டு மூப்பர் ஆரம்பித்தார். “ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்குன்னு வையுங்க. பொம்பளைய எப்படிப் போயி எழுப்புறது?”

பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: “இருக்கிற ஐயர எத்தனை தடவை எழுப்பியிருக்கீங்கண்ணே?”

கணக்குப் பார்த்தால் ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அதுவும் ஐயர் குடியிருக்கிற பார்சனேஜ் பின்பக்கம் நல்லபாம்பு வந்தபோது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கல்லறைக்கு எப்படி வருவாங்க, சேலைக்கு மேல அங்கியா அங்கிக்கு மேல சேலையா, வீட்டுக்காரர் எங்கே இருப்பார் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பேராயருக்கு மனு எழுதுவதாக முடிவு. எழுதியும் கொண்டுவந்துவிட்டார்கள், நல்ல கோடு போட்ட தாளில். மேலே மூப்பர் கையெழுத்து. என்னிடம் நீட்டினார்கள். “கண்ணாடி கொண்டு வரலை, நாளைக்குப் பார்ப்போம்” என்றேன். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது.

சட்டம் பேச இதில் ஒன்றுமில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் குருவானவர் அபிஷேகம் பெற்றது 1976-இல். அப்போது எனக்கு இருபத்தொரு வயது, டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். 2013-இல் நந்தியாலில் புஷ்ப லலிதா அம்மா பேராயராகவே ஆகிவிட்டார். எங்கள் ஊருக்கு எதுவும் மெதுவாகத்தான் வரும், மினி பஸ் உட்பட.

ஆனால் எனக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. பழக்கம் என்று சொல்லலாம். அறுபத்தொன்பது வயதில் பழக்கத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது.

மே 12, ஞாயிறு

மனு என் வேதாகம உறைக்குள் ஒரு வாரமாக இருக்கிறது. இவள், என் வீட்டுக்காரி, பார்த்துவிட்டாள்.

“உங்க அம்மாவுக்கு வேதம் வாசிக்கக் கத்துக் குடுத்தது யாரு?”

“பாட்டி.”

“பாட்டிக்கு?”

எனக்குத் தெரியும், எங்கே கொண்டுபோகிறாள் என்று. மிஷன் காலத்தில் துரைமார் திண்ணையோடு நின்றுவிட்டார்கள். அடுப்படி வரைக்கும் போனவர்கள் வேதாகமப் பெண்கள். வெள்ளைச் சேலை, கையில் குடை, பையில் மாற்கு சுவிசேஷம். பாட்டிக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தது அப்படி ஒரு அம்மாதான். அவருக்கு யாரும் அங்கி கொடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பாய் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வருகிறவரை எப்படிக் கூப்பிடுவது? ஐயரம்மா என்றால் அது ஐயர் சம்சாரம். இவரே ஐயர் என்றால் இவர் வீட்டுக்காரர் யார்? “ஐயரய்யா” என்றாள் பேத்தி. ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் பருப்பு குழைந்துவிட்டது.

மே 19, ஞாயிறு, பெந்தெகொஸ்தே

பிரிவு உபசாரம். சாம்பார், கூட்டு, பாயசம். பன்னிரண்டு பொன்னாடை. அத்தனையும் ஒரே கடையில் வாங்கியது, ஒரே பச்சை. ஐயர் அழுதார். பேசியவர்கள் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள், போன அறுப்பின் பண்டிகையில் வாழைத்தார் ஏலத்தில் அவரோடு சண்டை போட்டவர் உட்பட. அவர்தான் அதிக நேரம் பேசினார்.

மே 21, செவ்வாய்

ஒப்படைப்பு. புதியவருக்கு மகள் பள்ளிக்கூட மாற்றல் வேலை இருப்பதால் ஜூன் 7-க்குத்தான் வருகிறார். அதுவரை சாவி என்னிடம்.

பட்டியல் போட்டோம். அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கான பாத்திரம் ஒன்று, தட்டு ஒன்று, சின்னக் குவளைகள் நாற்பத்தெட்டு (கொரோனாவுக்கு அப்புறம் வாங்கியது), ஃபைபர் நாற்காலி அறுபதில் ஏழு கால் உடைந்தது, ஹார்மோனியம் ஒன்று, துருத்தியை எலி கடித்திருக்கிறது. அப்புறம் பதிவேடுகள்.

ஞானஸ்நானப் பதிவேடு தலையணை கனம். பழைய பக்கங்களைத் தொட்டால் ஓரம் பொடியாகக் கையில் ஒட்டுகிறது. மை பழுப்பாகி டீ சிந்தினதுபோல் இருக்கிறது. ‘தகப்பன் தொழில்’ என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாகக் ‘கூலி’, ‘கூலி’, ‘கூலி’. நடுவில் ஒரே ஒரு ‘உபாத்தியாயர்’. கூலி என்பதை எழுதியவர் கடைசி எழுத்தை இழுத்து விட்டிருக்கிறார், எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுபோல.

திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற சடங்கு) பதிவேட்டில் 1951-இல் அம்மா பெயர். நடத்தினது பேராயர் லெஸ்லி நியூபிகின். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், எஸ்.ஐ.யூ.சி. என்கிற தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது மதுரை, இராமநாதபுரம் பகுதிக்கு முதல் பேராயராக வந்தவர், ஸ்காட்லாந்து திருச்சபை அனுப்பிய மிஷனரி. தமிழிலேயே பிரசங்கம் பண்ணுவார் என்று அம்மா சொல்லுவாள்.

பதிவேட்டை மூடும்போதுதான் உறைத்தது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்துச் சபைகள் எல்லாம் அமெரிக்கன் மிஷன் வழி வந்தவை. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த மிஷன் அது. அவர்களிடம் பேராயர் என்று ஒரு பதவியே கிடையாது. சபைதான் எல்லாம். அப்படி இருந்தவர்களிடம் போய், இனிமேல் உங்களுக்கு மேல் ஒருத்தர் செங்கோல் பிடித்துக்கொண்டு வருவார் என்று சொன்னால்? தாத்தா அப்போது கமிட்டியில் இருந்தார். என்னென்ன பேசினாரோ. இப்போது அந்தப் பேராயருக்குத்தான் மனு எழுதுகிறோம், ‘எங்கள் பாரம்பரியத்துக்கு விரோதமாக’ என்று.

கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் யாரிடமும் சொல்லவில்லை. அது என் சுபாவம்.

மே 26, ஞாயிறு

ஐயர் இல்லாத முதல் ஞாயிறு. நான் ஆராதனை நடத்தினேன், பிரசங்கம் புத்தகத்தைப் பார்த்து. திரித்துவ ஞாயிறு பார்த்தா எனக்கு வரவேண்டும்! பிதா, குமாரன் வரைக்கும் சமாளித்தேன். காணிக்கை பாதியாகக் குறைந்தது.

மே 29, புதன்

கிழக்குத் தெருவில் ஒரு பாட்டி இறந்துவிட்டார். எண்பத்தாறு வயது. பக்கத்துச் சேகரத்து ஐயருக்கு போன் போட்டோம். இந்த மாற்றல் நேரத்தில் அவர் தலையில் மூன்று சேகரம். நாலு மணிக்கு வருகிறேன் என்றார்.

நாலு ஆனது. ஐந்தாகியும் ஆளைக் காணோம். ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது. பேரன்கள் துபாயிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், போனைப் பிடித்திருந்த பையனுக்குக் கை மாற்றி மாற்றி வலித்தது. பாடகர் குழு தெரிந்த பாட்டெல்லாம் பாடித் தீர்த்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. குழி வெட்டினவர்கள் ரெண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள்.

செத்துப்போன பாட்டி மாடிவீட்டு மூப்பரின் சித்தி. மனுஷன் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஆறு மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “யாராவது ஒரு ஐயரு வந்தாப் போதும் சார்.”

ஆறரைக்கு ஐயர் வந்தார், சட்டையெல்லாம் நனைந்து. அவருக்கு அன்றைக்கு அது ரெண்டாவது அடக்கம். கல்லறையில் செல்போன் வெளிச்சத்தில் அடக்க ஆராதனை ஒழுங்கை வாசித்தார்.

ஜூன் 4, செவ்வாய்

தேர்தல் ரிசல்ட். ஊரே டிவி முன்னால். மனு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை.

ஜூன் 7, வெள்ளி

மினி லாரியில் சாமான் வந்தது. பத்துப் பதினைந்து அட்டைப்பெட்டிப் புத்தகம், வாஷிங் மெஷின், ரெண்டு ரோஜாத் தொட்டி. ஸ்கூட்டியில் பின்னால் மகளை வைத்துக்கொண்டு அவரே ஓட்டிவந்தார். நாற்பது வயது இருக்கும். அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவராம். வீட்டுக்காரர் வெளியூரில் ஆசிரியர், சனி ஞாயிறு வருவார்.

சாவியைக் கொடுத்தேன். “வாங்க...” என்றேன், அதற்கு மேல் ஒரு சொல் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. தமிழில் ஒரு வசதி இருக்கிறது. வாங்க, இருங்க, சொல்லுங்க, வந்திருக்காங்க என்று ‘ங்க’ போட்டே ஆளைக் கூப்பிடாமல் ஒரு நாள் பூராவும் ஓட்டிவிடலாம். ஓட்டினேன்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் திருவிருந்து ஆராதனை. கூட்டம் கிறிஸ்மஸ் மாதிரி. பாதிப் பேர் வேடிக்கை பார்க்க.

வெள்ளைச் சேலை, அதற்கு மேல் அங்கி. அங்கி ஆண் அளவுக்குத் தைத்தது போல, கை நீளம். பாத்திரத்தைத் தூக்கும்போது ரெண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தார்.

ஆனால் ஊர் எதிர்பார்த்த தகராறு வேறு, நடந்த தகராறு வேறு. சுருதி! ஐயர் ராகத்தில் சொல்ல, சபை பதில் பாடவேண்டும். இத்தனை வருஷமும் ஆண் குரல், ஒன்றரைக் கட்டை. இவர் ஐந்தரையில் எடுத்தார். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. பெண்கள் பக்கம் சுகமாகப் போய்விட்டது. ஆண்கள் பக்கம் அதே உயரத்தில் பிடிக்கப் போய் நடுவில் கிறீச்சிட்டு நின்றது. சிலர் கீழே இறங்கினார்கள், சிலர் எங்கேயோ நடுவில். மூன்றாவது பதிலில் ஆண்கள் பக்கமே மௌனம். ஹார்மோனியம் வாசிக்கிற பையன் என்னைப் பார்க்கிறான், நான் கூரையைப் பார்க்கிறேன்.

இருபத்தைந்து வருஷமாக நான் அந்தப் பதிலைப் பாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயர் குரலின் மேல் சாய்ந்துகொண்டுதான் நின்றிருக்கிறேன் போல.

மாடிவீட்டு மூப்பர் வந்திருந்தார். திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. தலைகுனிந்து பெஞ்சிலேயே இருந்தார். இன்னும் ஒரு வீட்டில் நாலு பேர் வரவே இல்லை, திருமங்கலத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனதாகக் கேள்வி.

ஜூன் 14, வெள்ளி

ஆண்களுக்கு மட்டும் பாட்டுப் பயிற்சி. நான் கூப்பிட்டது. ஏழு பேர் வந்தார்கள். இவர் சுருதிக்கு எங்கே இறங்கிச் சேர்ந்துகொள்வது என்று பையன் ஹார்மோனியத்தில் காட்டினான். எலி கடித்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறான். ஒன்பது மணிக்குள் ஒருமாதிரி பிடிபட்டது. பார்சனேஜ் ஜன்னலில் விளக்கு எரிந்தது. கேட்டிருப்பார்.

ஜூன் 16, ஞாயிறு

பதில் வந்தது. அடியில் ஏழு பேர், அவர்களைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள். அழகு என்று சொல்லமாட்டேன்.

பேர் பிரச்சினையை ஊர் தன்பாட்டுக்கு முடித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் ‘ஆயர் ஆன்ட்டி’. வாலிபர் சங்கம் ‘பாஸ்டரம்மா’. மணி அடிக்கிற கோயில்பிள்ளைதான் முதல் நாளிலிருந்தே எந்தக் குழப்பமும் இல்லாமல் ‘ஐயரே’ என்று கூப்பிடுகிறார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. கேட்டேன். “ஐயரு வேல பாத்தா ஐயருதான?” என்றுவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 22, சனி

சாயங்காலம் மூப்பர் என் வீட்டுக்கு வந்தார். சந்தா பாக்கி ஆறு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டினார். இவள் கொடுத்த காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். மழை வருமா என்று பேசினோம். மனுவை அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்பைப் போட்டவர், படியில் நின்று திரும்பினார்.

“ஐயரு இருக்காங்களா?”

“திருமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கண்ணே, யாரையோ பார்க்க.”

“வந்தாச் சொல்லுங்க.”

என்ன சொல்ல என்று சொல்லவில்லை.